சுவருக்கு அந்தப் பக்கம்

டொக், டொக், டொக்.

பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த நளினிக்குச் சுர்ரென்று ஏறியது. பக்கத்து வீட்டு தசரதன் மறுபடியும் சுவரை இடிக்கிறார். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய ஊரிகம் லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

முன்னறைக்கு ஓடிவந்தாள். அப்பா தாமோதரன் சுவரோரக் கட்டிலில், கையில் ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தார். எதிரே கேழ்வரகுக் கஞ்சி, தண்ணீர், வாய் துடைக்கத் துண்டு.

தொண்டையில் புற்றுநோய். ரேடியேஷன் எல்லாம் முடிந்து, தீபாவளிக்கு முன்பே "நோய் போயிடுச்சு, மீதியெல்லாம் மெதுவாத்தான் சரியாகும்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். எவ்வளவு மெதுவாக என்று மட்டும் அவர் சொல்லவில்லை. எச்சில் ஊறுவதில்லை. வாய் முழுசாகத் திறப்பதில்லை. ஒரு டம்ளர் கஞ்சி இறங்குவதற்குள் கஞ்சி ஆறி, பசியும் ஆறிவிடும். குரலோ காய்ந்த சருகை மிதித்த மாதிரி.

நளினி விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவாள். அம்மாவும் இல்லாத வீடு. அப்பா இன்னும் இளைத்துக்கொண்டே போகிறாரே என்று இந்த வாரம் லீவு போட்டிருந்தாள். அப்போதுதான் இந்தத் தொல்லை தெரிந்தது.

"தினமும் இப்டித்தான் இடிக்கிறாராப்பா?"

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். இருமல்தான் வந்தது.

"நீ பேசாதப்பா. தொண்டை நோவும். நான் பாத்துக்கறேன்."

அப்பா அவசரமாக அவள் கையைப் பிடித்தார். பாவம், சண்டை வேண்டாம் என்கிறார் என்று நினைத்து, கையை விடுவித்துக்கொண்டு கிளம்பினாள்.

அதற்குள் எதிர் வீட்டு ஈவ்லின் ஆன்ட்டி சூப் கொண்டுவந்தார். "நீங்க பேசாதீங்கண்ணா, ரெஸ்ட் எடுங்க" என்று வைத்துவிட்டுத் திரும்பினார். மனுஷி என்றால் இவர் மனுஷி என்று நளினி நினைத்துக்கொண்டாள்.

தசரதன் கதவைத் திறந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா மாமா இது? உள்ள ஒருத்தர் ஒடம்பு முடியாம கீறாரு. நீங்க சுவத்தப் போட்டு இடிக்கிறீங்க!"

"ரொம்ப சத்தமாவா கேக்குது?"

"கேக்காம? அப்பாவும் நீங்களும் ஒரே ஷிஃப்ட்ல வேலை செஞ்சவங்கதானே? அவரைத் தேடி வந்து ஒரு வார்த்தை பேசணும்னு தோணுச்சா? வரவேணாம் மாமா. சும்மாவாச்சும் இருங்க."

தசரதன் கையில் சின்னக் கட்டை ஒன்று இருந்தது. அதைக் கதவுக்குப் பின்னால் வைத்தார்.

"சரிம்மா. இனிமே தட்டமாட்டேன்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நளினியே எதிர்பார்க்கவில்லை. ஜெயித்த மிதப்பில் வீட்டுக்கு வந்தாள்.

"சொல்ட்டு வந்துட்டேன்ப்பா. இனிமே நிம்மதியா இரு."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வீடு அமைதியாக இருந்தது. கஞ்சி வைத்தது வைத்தபடி இருந்தது. மாற்றிச் சூடாக வைத்தாள். அதையும் அவர் தொடவில்லை.

"இன்னாப்பா, ஒரு வாய்தானே?"

அவர் பேசவில்லை. பேசாதே என்றுதானே சொல்லியிருந்தாள்.

மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மறுபடியும் கேட்டது.

டொக், டொக், டொக்.

'இந்த ஆளுக்குச் சொன்னாலும் ஏறாதா?' என்று பாய்ந்து வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

தட்டியது அப்பா. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று, ஸ்பூன் காம்பால் சுவரில் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இன்னொரு தடவை தட்டினார். அப்போதும் இல்லை. கட்டிலில் சரிந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"அப்பா... நீயா தட்டினே?"

அவர் வாய் திறந்தார். 'பேசாதப்பா' என்று நாக்கு நுனி வரை வந்ததை நளினி விழுங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

"அவன் வந்தான். மூஞ்சியப் பாத்ததும்... அழுகை வந்துடுச்சு. போயிடுன்னேன். போய்... சுவத்துல தட்டினான்."

ஒரு வாய் தண்ணீர். துண்டால் துடைத்துக்கொண்டார்.

"மூணு அடிச்சா... கேஜ்ல ஆளு இருக்குன்னு அர்த்தம். அவன் திருப்பி அடிக்கணும். அப்பத்தான் கேஜ் நகரும்."

தங்கச் சுரங்கம் மூடுகிற வரைக்கும் அப்பா பூமிக்கடியில் மணி அடித்துக்கொண்டிருந்தவர். மேலே அதைக் கேட்டு, பதில் மணி அடித்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி இறக்கிய இன்ஜின் டிரைவர் தசரதன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வருஷக்கணக்கில் பேசிக்கொண்டவர்கள்.

நளினி எழுந்து சுவரில் கை வைத்தாள்.

"மாமா! நான்தான், நளினி. தெரியாம பேசிட்டேன். தட்டுங்க மா..."

டொக், டொக், டொக்.

எழுந்து வருகிற நேரம்கூட ஆகவில்லை. நேற்றிலிருந்து மனிதர் அந்தச் சுவரை ஒட்டியே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அப்பா டம்ளரை எடுத்தார். ஒரு வாய் கஞ்சியை மெல்ல விழுங்கினார். அது இறங்கும் வரை அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் பாசமாத்தான் கீறீங்கம்மா," என்றார். "ஆனா இந்த லைன்லயே என்னைப் பேசாதேன்னு சொல்லாத ஆளு... அவன் ஒருத்தன்தான்."