நாற்பது லேபிள்கள்

“இதை ஒட்டினது யாரு?”

குரல் கேட்டு மேனேஜர் தலையைத் தூக்கினார். தள்ளுபடி விற்பனையின் முதல் நாள். கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. லேப்டாப் மேசை முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் கட்டைவிரல் நகத்தில், உரித்த விலை லேபிள் ஒன்று ஒட்டிக்கொண்டு தொங்கியது.

அவளை மேனேஜருக்குத் தெரியும். மாணவர்களுடைய ஆய்வேடுகளை டைப் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். இரண்டு மாதம் முன்னால் அவளுடைய பழைய லேப்டாப் மண்டையைப் போட்டது. அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள். காட்சிக்கு வைத்திருப்பவற்றில் எப்போதும் அதே ஒரு லேப்டாப்பில்தான் நின்றபடியே நாலு வரி அடித்துப் பார்ப்பாள். ஆஃபர் போட்டதும் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போவாள். கையில் முப்பத்தைந்தாயிரம்தான் இருக்கிறது, அதற்குமேல் ஒரு காசு புரட்ட முடியாது என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தாள்.

அவள் நகத்தில் தொங்கிய லேபிளில் ஐம்பத்திரண்டாயிரம் என்று போட்டு அடித்து, இருபது சதவீதம் தள்ளுபடி போக நாற்பத்தோராயிரத்து அறுநூறு என்று பெரிதாக இருந்தது. அதை உரித்த இடத்தில் பழைய லேபிள் பல்லைக் காட்டியது. அதில் நாற்பத்திரண்டாயிரம்.

“பத்தாயிரத்தை ஏத்திட்டு அப்புறம் இருபது பர்சென்ட் குறைக்கிறீங்க. கூட்டிக் கழிச்சுப் பார்த்தா எனக்கு நானூறுதான் சார் தள்ளுபடி.”

விலை போடுவது தலைமை அலுவலகம், இதில் தன் கையில் ஒன்றுமில்லை என்று மேனேஜர் பதமாக எடுத்துச் சொன்னார். வேறு மாடல் காட்டச் சொல்வதாகச் சொன்னார். பை ஒன்று இலவசமாகத் தருவதாகவும் சொல்லிப் பார்த்தார்.

அவள் தோள்பையை இறக்கித் தரையில் வைத்தாள்.

“நாப்பத்திரண்டுல இருபது பர்சென்ட் கழிச்சு பில் போடுங்க. போடற வரைக்கும் நான் இங்கயேதான் நிப்பேன்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் மேனேஜருக்குச் சிக்கல். சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள், இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இனி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று தெரிந்ததும், முப்பத்து மூவாயிரத்து அறுநூறுக்கு பில் போடச் சொன்னார்.

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பியவள், பக்கத்தில் நின்ற விற்பனையாளனையும் சும்மா விடவில்லை.

“விலை ஏன் இப்படி இருக்குன்னு கேட்டா, ஒரு பதில் சொல்லத் தெரியுதா உங்களுக்கு? லேபிளைப் பாருங்கம்மா, நல்லா பாருங்கம்மான்னு கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்லிட்டிருக்கீங்க.”

எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி அவன் நின்றுகொண்டிருந்தான். மேனேஜர் அவனுக்கு வைத்திருந்த பெயர் அசமந்தம். அன்றைக்கு அது முழுக்கப் பொருந்தியது.

கண்ணாடி அறைக்குள் அவனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பழைய லேபிளை உரித்து, பசையை ஈரத்துணியால் துடைத்து, அப்புறம்தான் புதியதை ஒட்ட வேண்டும் என்று நேற்றுக்கூட நூறு முறை சொல்லியிருந்தார். சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும் வேலை.

“மறந்துட்டேன் சார்.”

“மறந்தியா? நாளைக்கு வேலைக்கு வர்றதையும் மறந்துடு.”

அவன் தலையாட்டினான். கெஞ்சவில்லை. வெளியே போய், அவள் தொட்டுப் பார்த்த மேசையை ஒரு துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

மேனேஜருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசையில் இன்னும் முப்பத்தொன்பது லேப்டாப் இருக்கின்றன. எல்லாவற்றிலும் இந்த மடையன் இதே கூத்தைப் பண்ணி வைத்திருந்தால் சாயங்காலத்துக்குள் கடை நாறிவிடும். மதியம் கூட்டம் குறைந்ததும் தானே இறங்கி, ஒவ்வொரு லேபிளின் ஓரத்தையும் நகத்தால் தூக்கிப் பார்த்தார்.

முதலாவதின் அடியில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. பத்து பார்த்தார், இருபது பார்த்தார். பழைய லேபிள் மட்டுமல்ல, பசையின் பிசுபிசுப்புகூட எங்கும் இல்லை. அத்தனை சுத்தமான வேலையை அந்தக் கடையில் அவர் பார்த்ததே இல்லை.

முப்பத்தொன்பதாவது லேபிளின் ஓரத்தை அழுத்தி ஒட்டிவிட்டு அப்படியே நின்றார். ‘லேபிளைப் பாருங்கம்மா, நல்லா பாருங்கம்மா’ என்று அவள் சொல்லிக்காட்டியது இப்போதுதான் காதில் சரியாக விழுந்தது. கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால், உரி, துடை, தடயம் தெரியாமல் ஒட்டு என்று நேற்றைக்குத் தன் வாயால் சொன்னது நினைவுக்கு வந்து, அதற்கு முன்னால் வெட்கம் வந்துவிட்டது.

அவன் பக்கத்தில் போய் நின்றார்.

“நாளைக்கு வேலைக்கு வா. உன்னை ஒண்ணும் பண்ணமாட்டேன், உள்ளதைச் சொல்லு. முப்பத்தொன்பதை இவ்வளவு சுத்தமா உரிச்சவன், அந்த ஒண்ணை மட்டும் எப்படி மறந்த?”

அவன் துணியை நாலாக மடித்து மேசையில் வைத்தான்.

“மறக்கல சார். நாப்பதையும் அப்படியே விட்டுடணும்னுதான் நினைச்சேன். ஒண்ணுக்குத்தான் தைரியம் வந்துச்சு.”