வளைவில் நின்ற கார்

பின்சீட்டில் கண்ணை இறுக மூடிச் சாய்ந்திருந்தவனைக் கண்ணாடியில் பார்த்து, 'குடிகார நாயே' என்று மனதுக்குள் திட்டியபடி மன்ஷிக் காரைக் கிளப்பினார். மீன் ஹோட்டல் வாசலில் ஆபீஸ் விருந்து முடித்து நின்ற கும்பலில் ஒருத்தனும் நிதானத்தில் இல்லை. "நம்ம பியோவப் பத்திரமா வீட்டுல விட்டுருங்கண்ணே!" என்று கத்தி, காரின் கூரையில் தட்டி வழியனுப்பினார்கள்.

டிரைவர் சீட்டு கடைசி வரை பின்னால் தள்ளிக் கிடந்தது. பியோவோ குள்ளம். இவனுக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று எரிச்சலோடு சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார்.

குடித்தவர்களின் காரை அவர்கள் வீடு வரை ஓட்டிக்கொண்டு போய் விடும் ஆக்டிங் டிரைவர் வேலை மன்ஷிக்குக்கு. சுன்சோன் ஊரில் அந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் சாயங்காலம் தவறாமல் அவர் இந்த ஹோட்டல் தெருவையே சுற்றி வந்தது சம்பாத்தியத்துக்காக அல்ல, இந்த பியோவுக்காக.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பச்சை விளக்கு பார்த்து ரோட்டைக் கடந்த ஹேரினைக் குடிவெறியில் காரால் அடித்துக் கொன்றவன் இவன். ஹேரின் மன்ஷிக்கின் ஒரே மகள். கோர்ட்டில் தலை நிமிராமல் அழுதான்; 'மனம் வருந்துகிறார்' என்று தண்டனையை நிறுத்திவைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார் நீதிபதி. அழுதால் போதுமா? அன்று பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் மன்ஷிக்குக்கு இன்னும் அடங்கவில்லை.

"மெதுவாப் போங்க ஐயா. மலைப்பாதை." பின்னாலிருந்து குரல் வந்தது. ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"பயப்படாதீங்க மொதலாளி" என்றார் மன்ஷிக், அடையாளம் தெரியாமலிருக்கப் போட்ட மாஸ்க்குக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு. மெதுவாகப் போக இப்போதுதான் தெரிகிறதா உனக்கு?

இந்தத் தொழிலில் வம்புக்காரர்கள் செய்கிற ஒரு வேலை உண்டு. பாதி வழியில் சண்டை போட்டு, காரை நடுரோட்டில் விட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். குடித்தவன் வேறு வழியில்லாமல் தானே நாலடி ஓட்டுவான். ஒளிந்திருந்து போலீஸைக் கூப்பிட்டால் போதும். இரண்டாவது முறை மாட்டினால் எந்த நீதிபதியிடம் அழுதாலும் ஜெயில்தான்.

நன்றாக இருட்டியிருந்தது. ஒதுங்க இடமில்லாத ஒரு வளைவைத் தாண்டியதும் மன்ஷிக் சடாரென்று பிரேக் போட்டார்.

"சீட்ட எதுக்கு ஒதைக்கிறீங்க?"

"நானா? ஒதைக்கலீங்களே!"

"டிரைவர்னா அவ்ளோ எளக்காரமா? என்னால முடியாது. வேற ஆளப் பாத்துக்குங்க."

"ஐயோ, தப்புன்னா மன்னிச்சுருங்க. இங்க வேணாம் ஐயா, பின்னால வர்ற வண்டிக்குத் தெரியாது. கொஞ்சம் தள்ளியாவது நிறுத்திட்டுப் போங்க!"

"நீங்களே தள்ளி நிறுத்திக்குங்க!" கதவை அறைந்து சாத்திவிட்டு நடந்தார். சற்றுத் தூரத்தில் இருந்த பஸ் நிறுத்தத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு போலீஸுக்குப் போன் செய்தார். "குடிச்சவன் ஒருத்தன் கார் ஓட்டப் போறான். சீக்கிரம் வாங்க."

பியோ இறங்கினான். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தான். 'உக்காருடா, உக்காரு' என்று மன்ஷிக் முணுமுணுத்தார். அவன் உட்காரவில்லை. கையை மட்டும் உள்ளே நீட்டி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான்.

போனில் யாரிடமோ கெஞ்சுவது போலப் பேசினான். பிறகு போன் வெளிச்சத்தைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே வளைவை நோக்கிப் பின்னால் ஓடினான். வந்த வண்டிகள் கடைசி நொடியில் ஹாரன் அடித்து விலகிப் போயின.

என்ன செய்கிறான் இந்த முட்டாள்! 'ஓரமா வாடா' என்று கத்த மன்ஷிக் வாயைத் திறந்தார். வீடுகளில் கிம்ச்சி ஊறுகாய் போடும் காலம். முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி ஒன்று மலையிறங்கி வளைவில் திரும்பியது.

பிரேக் கிரீச்சிட்டது. ரோடு முழுக்க முட்டைக்கோஸ் உருண்டோடியது. போன் வெளிச்சத்தைக் காணோம்.

போலீஸ் வந்தபோது லாரிக்காரர் ரோட்டிலேயே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பியோவின் மேல் துணி போர்த்திவிட்டார்கள். மன்ஷிக் அங்கே போய் நின்றார்.

"நான்தான் சார் போன் பண்ணேன். அவன் குடிச்சிருக்கான். ஊதச் சொல்லிப் பாருங்க."

"யார ஊதச் சொல்ல?" என்றார் போலீஸ்காரர், துணியைக் காட்டி.

அப்போது ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள் ஒரு பெண். பியோ கடைசியாகக் கூப்பிட்ட ஆக்டிங் டிரைவர் ஓக்பின். துணியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் குடித்திருந்தாரா என்று போலீஸ்காரர் அவளிடம் கேட்டார்.

"குடிச்சிருந்தாரா? இவரா? தினம் நாங்கதான் சார் மாறி மாறி ஆபீசுக்கே கொண்டுபோயி விடுறோம். ஒரு பொண்ண அடிச்சுக் கொன்னுட்டேன்னு அதுலேர்ந்து ஒரு சொட்டு தொடல. ஸ்டியரிங்ல கை வைக்கவே மாட்டாரு சார்!"

போலீஸ்காரர் காரைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார். பிறகு மன்ஷிக் பக்கம் திரும்பினார்.

"அப்போ வண்டிய இங்க கொண்டாந்து நிறுத்துனது யாரு?"