ஞாயிற்றுக்கிழமை எஞ்சின்

"இன்னைக்காவது ஸ்டார்ட் ஆகுமா, இல்ல இன்னைக்கும் ஏதாவது காணாமப் போகுமா?" டீ டம்ளர்களோடு போர்டிகோவுக்கு வந்த கிறிஸ்டி கேட்டாள்.

திறந்திருந்த பானெட்டுக்குள் இரண்டு தலைகள். ஒன்று அவள் அப்பா அசரியா, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொன்று ஆஸ்டின், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். மறைமலை நகரில் ஒரு கார் தொழிற்சாலையில் எஞ்சின் சோதிக்கும் பிரிவில் வேலை.

"ஆகும்மா. எல்லாம் மாட்டியாச்சு" என்றார் அசரியா.

"அங்கிள், டார்ச்சை என் மூஞ்சியில அடிக்கிறீங்க."

"ரெண்டுலயும் ஒரே கிரீஸு. எது எஞ்சின், எது மூஞ்சின்னு எனக்கு எப்படிடா தெரியும்? அந்த டர்போ பைப்பை ஆட்டிப் பாரு."

"பாத்துட்டேன் அங்கிள். அசையல."

"வாயில சொல்லாத. கைய வச்சுப் பாருடா."

ஆஸ்டின் சிரித்துக்கொண்டே மறுபடியும் கையை உள்ளே விட்டான்.

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு அசரியா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கல்யாணப் பெண் சர்ச்சுக்கு அவருடைய பழைய சின்னக் காரில்தான் போக வேண்டும். அதற்கு முன்னால் அதிலிருக்கும் ஒரு லிட்டர் டர்போ எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதே கம்பெனியின் ஒன்றரை லிட்டர் டர்போவை வீட்டிலேயே வைத்து மாட்ட வேண்டும். வண்டி ஓடிய பிறகு தேதி குறிக்கலாம்.

"இரும்புலியூர்லேர்ந்து பக்கத்துல இருக்குற தாம்பரம் சர்ச்சுக்குப் போறதுக்கு எதுக்குப்பா இவ்வளவு பவர்? ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசல்ல நடந்து போறவங்களே நம்மளத் தாண்டிப் போயிடுவாங்க" என்று கிறிஸ்டி அப்போதே கேட்டாள்.

"உனக்கு அதெல்லாம் புரியாது" என்று மாமனாரும் மருமகனும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கியது, விபத்தில் அடிபட்ட ஒரு வண்டியிலிருந்து எஞ்சினைத் தேடிப் பிடித்தது, வாடகைக்குப் பாரம் தூக்கும் செயின் பிளாக் கொண்டுவந்து அதை அலுங்காமல் இறக்கியது, எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அதற்குப் பிறகுதான் வம்பு. ஒவ்வொரு ஞாயிறும் சாவியைத் திருப்பப் போகும் நேரத்தில் ஏதாவது ஒரு சாமான் இருக்காது. முதலில் டர்போ பைப்பை இறுக்கும் கிளாம்ப். அது மறுநாள் கிடைத்துவிட்டது. அப்புறம் எஞ்சின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார். போன வாரம் வண்டியின் பெட்ரோல் பம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே. போர்டிகோவைப் பெருக்கித் தேடியும் அவை இரண்டும் கிடைக்கவே இல்லை.

அசரியா கை கழுவ உள்ளே வந்தார். கிறிஸ்டி பின்னாலேயே வந்து சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"அப்பா, நேராவே கேக்குறேன். நீங்கதானே எடுத்து ஒளிச்சு வைக்கிறீங்க?"

கிரீஸ் எல்லாம் போன பிறகும் அவர் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் போயிட்டா வீடு வெறிச்சுனு ஆயிடும்னு பயப்படுறீங்க. நாங்க என்ன ஃபாரினுக்கா போறோம்? ஊரப்பாக்கத்துலதான் வீடு பாத்திருக்கோம். ட்ரெயின்ல எடம் புடிச்சு உக்கார்றதுக்குள்ள ஸ்டேஷன் வந்துடும். அம்மா இருந்திருந்தா இப்படியெல்லாம் பண்ணுவீங்களா?"

"அவ இருந்திருந்தா நான் எதுக்கும்மா இப்படிப் பண்ணப் போறேன்?" என்றார் அசரியா. "அந்தக் கிளாம்ப்பை நான்தான் எடுத்தேன். வண்டி ஸ்டார்ட் ஆனா உடனே தேதி கேப்பீங்களேன்னு தோணுச்சு. கை தானா எடுத்து ஒளிச்சிடுச்சு."

கிறிஸ்டி சண்டை போடத்தான் வந்திருந்தாள். முடியவில்லை. அவருடைய ஈரக் கைகளைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

"வாரா வாரம் ஞாயித்துக்கிழமை சாப்பாடு உங்களோடதான். போதுமா?"

அவர் தலையை ஆட்டினார்.

"சரி, மத்ததையும் குடுங்க. ஆஸ்டின் பாவம்ப்பா. நெனவு தெரிஞ்ச நாளிலேர்ந்து ஹாஸ்டல்ல வளந்தவன். நீங்க டேய், டேய்னு வெரட்டி வேலை வாங்குறீங்க, ஒரு தடவகூட மொகம் சுளிக்கல. காணாமப் போனதுக்கெல்லாம் கடை கடையா அலைஞ்சு அவன்தான் புதுசு வாங்கிட்டு வர்றான்."

"கிளாம்ப்பை மறுநாளே எடுத்த எடத்துல வச்சுட்டேன். மனசு கேக்கல" என்றார் அசரியா. "அதுக்கப்புறம் காணாமப் போனது எதையும் நான் எடுக்கலம்மா."

"பின்ன யாரு எடுத்தா? பூனையா?"

அவர் ஜன்னல் பக்கம் தலையை மட்டும் அசைத்தார். கிறிஸ்டி எட்டிப் பார்த்தாள்.

போர்டிகோவில் ஆஸ்டின் தெருவை ஒரு முறை பார்த்தான். வீட்டு வாசலை ஒரு முறை பார்த்தான். பிறகு, காலையில்தான் புதிதாக வாங்கி மாட்டியிருந்த ரிலேவை மெல்லப் பிடுங்கித் தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"அங்கிள், இன்னைக்கும் ரிலேவைக் காணோம்" என்று உள்ளே பார்த்துச் சோகமாகக் குரல் கொடுத்தான்.

அசரியா வெளியே போய் அவன் தோளில் கை வைத்தார்.

"பாக்கெட்ல இருக்குறத எடுத்து மாட்டுடா. மாப்பிள்ளை ஆனதும் உன்னை 'வாங்க, போங்க'ன்னு கூப்பிட்டு சோபாவுல உக்கார வச்சுடுவேன்னு யாருடா சொன்னா உனக்கு?"