பொருந்தவில்லை

“கீக்... கீக்... கீக்!”

அரசு மருந்துக் கவுன்ட்டரில் கைரேகை மெஷின் மறுபடியும் அலறிச் சிவப்பு விளக்கைக் காட்டியது. திரையில் ‘பொருந்தவில்லை’.

“பெரியவரே, கையை ஆடாம வைங்க. இதோட ஏழு தடவை ஆச்சு!” என்றார் கவுன்ட்டர் ஊழியர். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

“ஆடாம இருக்கத்தானே தம்பி அந்த மாத்திரையையே கேக்குறோம்?” என்றாள் பெரியவரின் மனைவி. கணவரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். அப்படியும் கட்டைவிரல் கண்ணாடியின் மேல் துடித்தது.

முப்பது வருஷம் ஊசியில் நூல் கோத்த தையல்காரர் அவர். நடுக்க நோய் வந்த பிறகு சட்டைப் பித்தானைக்கூட மனைவிதான் போட்டுவிடுகிறாள்.

“நான் நானில்லையாம்டி. அப்போ இத்தனை வருஷமா யாருக்குச் சோறு போட்ட?” என்றார்.

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஊழியர் குரலைத் தாழ்த்தினார். “ரேகை விழாம மாத்திரை கொடுத்தா என் வேலை போயிடும்மா. படுத்த படுக்கையா இருக்கிறவங்கன்னா நாங்களே வீட்டுக்கு வந்து எடுப்போம். இவர்தான் நடந்து வந்துட்டாரே!”

மாத்திரை இல்லாமல் இரண்டே மாதத்தில் அந்தத் தகுதியும் வந்துவிட்டது.

மனு கொடுத்த பன்னிரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு, ஊழியர் மெஷின் பையோடு மாடிப்படி ஏறினார். ரேகை விழுந்தால் கையோடு கொடுத்துவிடலாம் என்று மாத்திரைகளையும் எடுத்து வந்திருந்தார்.

கதவைத் திறந்தவள் ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றாள். பிறகு விலகி வழிவிட்டாள். கட்டிலில் தையல்காரர் சுவர்ப்பக்கம் முகம் திருப்பி, கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார்.

“எழுப்பலாமாம்மா?”

“வேணாம் தம்பி. ராத்திரி பூரா அவர் பட்ட பாடு போதும்.”

அவளே போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, கட்டைவிரலை ஈரத்துணியால் துடைத்தாள். நகத்தைச் சுற்றிக்கூட விடவில்லை. ஊழியர் மனசுக்குள் வேண்டிக்கொண்டே அந்தச் சில்லிட்ட விரலைக் கண்ணாடியில் வைத்தார்.

“டிங்!”

பச்சை விளக்கு. ‘பொருந்தியது’.

“அம்மா! முதல் தடவையிலேயே எடுத்துக்கிச்சு!” ஊழியருக்குத் தலைகால் புரியவில்லை. அவசரமாகப் பையைத் திறந்தார். “இன்னிக்குக் கை கொஞ்சம்கூட ஆடல, பாத்தீங்களா? இந்தாங்க மாத்திரை. இனிமே மாசாமாசம் நானே கொண்டுவந்து தர்றேன்.”

அவள் அதைத் தொடவில்லை. திரையில் இருந்த பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கை ஆட்டம் மட்டுமா தம்பி, எல்லாமே விடியக்காலை ஆறு மணிக்கே நின்னுடுச்சு. அவரு அவருதான்னு இந்த மெஷின் ஒரு தடவையாவது சொல்லணும்னுதான் உங்களை உள்ள விட்டேன்.”