இடிக்க வேண்டிய அறை

“மறுபடியும் அஞ்சு நட்சத்திர ஓட்டல் வரவேற்பறையா சார்?”

“ஏம்மா, அதுக்கென்ன குறைச்சல்?” துறைத்தலைவர் கழுத்து மஃப்ளரை இறுக்கிக்கொண்டு தும்மினார். “போன வருஷம் ஒருத்தன் நீரூற்றுக்குள்ள பியானோ வச்சான். என்ன கற்பனை!”

“பியானோ நனையும் சார்.”

“நனையட்டும். கட்டவா போறோம்?”

உள் அலங்காரத் துறைக்கு அவள் புது ஆசிரியை. இறுதியாண்டு மாணவர்கள் எதை வடிவமைப்பது என்று இன்று முடிவாக வேண்டும். அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது.

“ஒரு நிஜ அறையைக்கூடத் தொடாம பட்டம் வாங்கிட்டுப் போறாங்க சார். இந்த வருஷம் இதைக் கொடுக்கலாமா?”

பெயர் எழுதாத வரைபடம் ஒன்றை மேசையில் விரித்தாள். அவர் கண்ணாடியை மாட்டினார். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது.

“கதவைத் திறந்தா நாற்காலியில இடிக்குது. ஏசி காத்து நேரா பிடரியில. இங்க உக்கார்றவன் வருஷம் பூரா மூக்கைச் சிந்திக்கிட்டே இருப்பான்!”

“ஆமா சார்.”

“நடுவுல தூண் வேற. எதிர்ல இருக்கறவங்க மூஞ்சியே தெரியாது. இதைப் போட்டவனுக்கு யாரும்மா பட்டம் கொடுத்தது?”

“ரொம்ப அனுபவசாலி சார்.”

“மண்ணாங்கட்டி அனுபவம். ஓட்டலை விடு, இதையே கொடு.”

“வரைஞ்சதோட நிக்கக் கூடாது சார். நல்லா வந்தா நிஜமாவே இடிச்சு மாத்தணும்.”

“தாராளமா இடிங்க. அதையும் எழுதியே கையெழுத்துப் போடறேன். அந்த மகானையும் பிடிச்சு வை. பசங்க கேள்வி கேக்கட்டும், பதில் சொல்லட்டும்.”

“எங்கயும் போக மாட்டார் சார்.”

அவர் எழுதிக் கையெழுத்திட்ட தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆசிரியை அதே அறையில் எதிரே இருந்த தன் இருக்கைக்குத் திரும்பினாள். கைப்பேசியில் யாரையோ அழைத்து, “வாங்க” என்றாள்.

கதவு திறந்தது. துறைத்தலைவரின் நாற்காலி முதுகில் இடித்து நின்றது. அந்த இடைவெளியில் ஒரு மாணவி தலையை நீட்டினாள். கையில் அளவு நாடா.

அவர் கழுத்தை வளைத்து, தூணுக்கு அந்தப் பக்கம் ஆசிரியையின் முகத்தைத் தேடினார்.

“கொஞ்சம் முன்னால நகர்றீங்களா சார்? அறையை அளக்கணும்” என்றாள் மாணவி. “இதை நீங்களே டிசைன் பண்ணீங்கன்னு மேடம் சொன்னாங்க. கேள்வியெல்லாம் இப்பவே கேக்கலாமா?”