ஈர விரல்

மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்றபோது வந்த பணம் முழுவதையும் உலகநாதன் பங்குச் சந்தையில் போட்டிருந்தார். சந்தை ஐந்தாவது நாளாகச் சரிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் விற்றுவிடுவதென்று கைபேசியைத் திறக்கக் கட்டைவிரலை வைத்தார். ரேகை பொருந்தவில்லை என்றது. அவ்வளவு வியர்த்திருந்தது விரல். வேட்டியில் துடைத்தார். மறுபடியும் வியர்த்தது. மனைவி கோமளவல்லி அவர் கையைப் பிடித்து, முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டாள். கைபேசி திறந்துகொண்டது.

“வித்துடட்டுமா கோமு?”

“நாலு நாளா ஒழுங்கா சாப்பிடலை, தூங்கலை. வித்துத் தொலைங்க.”

விற்றார். கால்வாசிப் பணம் போயிருந்தது. ஆனாலும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். நான்கு மணிக்கு விழித்ததும் கை தானாகக் கைபேசியை எடுத்தது. மதியத்துக்குமேல் சந்தை திரும்பியிருந்தது. அவர் விற்ற பங்குகளெல்லாம் விறுவிறுவென்று ஏறி முடிந்திருந்தன.

கோமளவல்லி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். “நல்லவேளை, மிச்சமாவது தப்பிச்சுதுங்க. வேண்டிக்கிட்டிருந்தேன். கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம், சட்டையைப் போடுங்க.”

“சரி” என்றார்.

சட்டையை மாட்டி ஒவ்வொரு பித்தானாகப் போட்டார். கடைசிப் பித்தானைப் போட்டதும் மேலிருந்து கழற்றத் தொடங்கினார். கழற்றி முடித்து மறுபடி போட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.