வீட்டுக்காரர் பெயர்

"ஊட்டுக்காரர் பேரு என்னம்மா?" 1931ஆம் வருஷத்துச் சென்சஸ் எடுக்க வந்த வாத்தியார், பென்சிலும் கையுமாக வாசலில் நின்று கேட்டார்.

பாவாயி தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறைந்துவிடும் என்று நம்பி வளர்ந்தவள் அவள்.

"சொல்லலீன்னா இந்த ஊடே கணக்குல வராது."

அவள் தன் கால் வெள்ளி மெட்டியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கையை நீட்டித் திருச்செங்கோட்டு மலையைக் காட்டினாள்.

"மெட்டிமலைன்னு எழுதிக்கட்டுமா?"

"ஐயோ, இல்லீங்க!"

வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு வள்ளியாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நான் சொல்லட்டுங்களா?"

"ஊட்டுக்காரம்மாதான் சொல்லோணும். இப்படிப் பேசறதுக்கு இங்கிலீசுல எனிக்மான்னு பேரு. கிரேக்கத்துல இருந்து வந்த சொல்லு. எதையும் நேராச் சொல்லாம விடுகதையாப் பேசறதுன்னு அர்த்தம்."

"அப்ப அந்தச் சீமைப் பொம்பளைங்களும் புருசன் பேரைச் சொல்லமாட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்றாள் வள்ளியாத்தாள்.

வாத்தியார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கடைசியாக் கேக்கறேன். சொல்றயா, அடுத்த ஊட்டுக்குப் போகட்டுமா?"

பாவாயி நிமிர்ந்து பார்த்தாள். "உங்க பேரையே எழுதிக்குங்க. எழுதிப்போட்டுக் கைகால் கழுவிட்டு வாங்க, களி ஆறுது."

வெள்ளியங்கிரி வாத்தியார் தம் பெயரை எழுதிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அதை அவள் வாயால் ஒருதரமாவது கேட்டுவிட ஆசைப்பட்டவர், இந்த முறையும் தோற்றுப்போன சந்தோஷத்தோடு தம் வீட்டுக்குள் நுழைந்தார்.